ஏகாம்பரம் படத்துக்கு மூன்று கவிதை

கவிதை எழுத வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் என்மேல் கடுப்பில் இருப்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி தண்டையார்பேட்டைக்கு வந்து, கவிதை சொல்லிக் கொடுங்கள் என்று உட்கார்ந்தால், இந்த அம்மாள் கவிதைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதில்லை. யாரோ ஒரு தபால்காரர் எழுதிய வாழ்க்கைக் கதையையும், யாரோ ஒரு நர்ஸ் எழுதிய நினைவுக் குறிப்பையும் கொடுத்து, படித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுகிறாள். போன வாரம் ஒரு பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்காவுக்கு வயசாயிடுச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வயசு ஆகத்தான் ஆகிறது. ஆனால் இருபத்தெட்டு வருடம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்த காது இது. இன்னும் நன்றாகவே கேட்கிறது.

முதலில் தன்வரலாறு, பிறகுதான் கவிதை என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் ஒரு படத்திறப்பு. அதில் நான் அவமானப்பட்டேன். பிறகு அதே ஆளின் படத்திறப்பில் தலை நிமிர்ந்தேன். இரண்டையும் சொல்கிறேன். அதற்கப்புறமும் நான் கொடுக்கிற புத்தகத்தைப் படிக்க மாட்டேன் என்பவர்கள் தாராளமாக வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். பகலில் போர்டு, சாயங்காலம் மேடை. தொழிற்சங்க வாயிற்கூட்டம், மே தினக் கவியரங்கம், பொங்கல் விழா என்று எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது படத்திறப்புதான். நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் கருமாதி செய்வதில்லை. இறந்தவரின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வெள்ளைத் துணியால் மூடி மேடையில் வைப்பார்கள். நாலு பேர் பேசுவார்கள். கடைசியில் கவிஞர் அஞ்சலிக் கவிதை படிப்பார். அவருடைய கடைசி வரி முடிகிற அந்த நொடியில் துணியை விலக்குவார்கள். கூட்டம் எழுந்து நிற்கும், பூ வைக்கும், பிறகு சாப்பாடு. கடைசி வரி சொதப்பினால் எல்லாமே சொதப்பல். எனக்கு அது ஒரு நாளும் சொதப்பியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் படத்திறப்பு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அடுத்த ஸ்டாப்பிங் நான்தான் என்று தோழிகள் கேலி செய்வார்கள். ஒரு பெண் மைக் முன்னால் நின்று, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கணீரென்று ஆரம்பித்தால், ரோட்டில் போகிற சைக்கிள் நிற்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. நான் நன்றாகப் படித்தேன்.

எழுதிய விதத்தில்தான் கோளாறு. அன்றைக்கு செல்போன் எல்லார் கையிலும் கிடையாது. சங்கத்துக்காரர்கள் என் போர்டுக்கே போன் போட்டு விவரம் சொல்வார்கள். பெயர், வயது, வேலை, சங்கப் பொறுப்பு, மனைவி மக்கள். மேனேஜர் கேட்ட வெளியூர் டிரங்க் கால் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, நான் மறுபக்கம் இதையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வேன். என்னிடம் தயாராக முப்பத்தாறு வரிக் கவிதை ஒன்று இருந்தது. அதில் ஐந்து இடத்தில் ஆளுக்கு ஏற்றபடி வார்த்தையை மாற்றினால் போதும். துறைமுகத்துக்காரர் என்றால் கடல் வரும், லாரிக்காரர் என்றால் நெடுஞ்சாலை வரும். இந்தச் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்தவர் என்னை மேடையேற்றிய மூத்த கவிஞர். அவர் பெயர் வேண்டாம். கூட்டத்தை அழவைக்க வேண்டும், அவ்வளவுதான் நம் வேலை என்பார் அவர். நானும் அழவைத்தேன். அதே கவிதைக்கு ஒரே தெருவில் இரண்டு முறை அழுதிருக்கிறார்கள்.

இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏகாம்பரம் என்ற பெயர் என் தாளில் ஏறியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. அங்கே உலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாரடைப்பு. மனைவி கன்னியம்மா, ஒரே மகளைப் புழலில் கட்டிக் கொடுத்திருக்கிறது. சங்கச் செயலாளர் புதிதாக வந்த இளைஞர். பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் சொல்வதைப் போலவே, "போராட்ட வீரர்னு போட்டுக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அந்தத் தொழிற்சாலையில் பல வருடம் முன்னால் நாற்பது நாள் வேலைநிறுத்தம் நடந்தது என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தண்டையார்பேட்டையில் அவர்கள் தெருவிலேயே பந்தல். இருநூறு பேர் இருக்கும். முன்வரிசையில் கன்னியம்மா, நடுவில் அக்கம்பக்கத்து ஜனங்கள், பின்னால் அந்தத் தொழிற்சாலையின் பழைய ஆட்கள். நான் ஆரம்பித்தேன். உலை நெருப்பு, இரும்பு நெஞ்சு என்று வழக்கமான ஏற்பாடெல்லாம் முடிந்து, போராட்ட இடத்துக்கு வந்தேன்.

"அன்றந்தப் போரில் முன்வரிசை நின்றாய்,
அடக்குமுறையை நெருப்பாகி வென்றாய்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு இல்லை. மூக்கால் ஒரு சிரிப்பு. பந்தலில் எல்லாருக்கும் அது கேட்டது. நான் அடுத்த வரிக்குப் போவதற்குள் கன்னியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்து கண்ணு," என்றார். "நீ சொல்ற ஆளு இவுரு இல்ல. இவுரு முன்வரிசையிலயும் நிக்கல, பின்வரிசையிலயும் நிக்கல. ஸ்டிரைக்கு நடக்கசொல்ல உள்ள பூட்டாரு. புள்ளைக்கு ஜொரம், கஞ்சிக்கு அரிசி இல்லன்னு நான்தான் சொன்னேன். மறுநாளு காலீல வேலைக்குப் பூட்டாரு. அதுக்கோசரம் அதோ குந்திகினு கீறாங்களே, அவங்க ரிட்டேர் ஆவுற வரிக்கும் இவுரோட ஒரு வார்த்த பேசல. அத்தெல்லாம் வுட்டுட்டு நீ இன்னா படிச்சிகினு கீற?"

வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. செயலாளர் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் என்னைப் பார்த்து, நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுங்கள் என்று கையால் சைகை காட்டினார். படத்தின் பக்கத்தில் நின்றவர் துணியின் நுனியைப் பிடித்தபடி தயாராக இருந்தார். நான் அந்த ஒரு வரியைச் சொன்னால் துணி விலகும், கூட்டம் எழும், எல்லாம் மூடி மறைந்துவிடும். அந்த வரியைச் சொல்வதற்கு எனக்கு நான்கு வினாடி போதும்.

நான் சொல்லவில்லை. கையில் இருந்த தாளை மடித்துவிட்டு, மைக்கில் இப்படிச் சொன்னேன்: "இவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதிவிட்டேன். தப்பு என்மேல்தான். இந்தக் கவிதையை நான் முடிக்க மாட்டேன்."

கன்னியம்மா மேடைக்கு வந்து துணியோடு படத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவரைப் பற்றி ஒழுங்காக ஒருத்தர் சொல்லுகிற வரைக்கும் இது மூடியே இருக்கட்டும் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். நான் மேடையை விட்டு இறங்கினேன். பந்தலைத் தாண்டி நடக்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுதேன்.

திங்கட்கிழமை காலை முதல் அழைப்பே மூத்த கவிஞர்தான். சேதி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இடத்திலேயே இரண்டு வரியைப் புரட்டிப் போட்டுச் சமாளித்திருக்கலாமே, உனக்குத் தெரியாத வித்தையா என்று கடிந்துகொண்டார். மேடையில் ஒரு கவிஞர் தோற்கவே கூடாதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளியூர் கால் வருகிறது ஐயா என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். வெளியூர் காலெல்லாம் ஒன்றும் வரவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இன்றைக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது தப்பு. நான் படித்த பொய்ப் புகழ்ச்சிதான் அந்தச் சிரிப்பை வரவழைத்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏகாம்பரத்தைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு வரி புரட்டியிருந்தால் இன்னும் இரண்டு பேர் சிரித்திருப்பார்கள்.

அந்தப் படம் மூடிக் கிடக்கிற நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை. கன்னியம்மா சொன்னது காதிலேயே நின்றது. ஜுரத்தில் பிள்ளை, அரிசி இல்லாத வீடு, தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் போகிற தகப்பன். ஒரே வாரத்தில் புதுக் கவிதை எழுதினேன். நாற்பத்திரண்டு வரி. பசிக்கும் கொடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதன் என்று வைத்து எழுதினேன். ஐந்து இடத்தில் வார்த்தை மாற்றுகிற வேலை இல்லை. முழுக்கப் புதியது, முழுக்க என்னுடையது. நான் எழுதியதிலேயே நல்ல கவிதை அதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அது மோசமான கவிதை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். வரிசையாகப் பத்து வீடு, நடுவில் ஒரே குழாய். அவர் வீடு கடைசி. படம் பீரோவுக்கு மேலே துணியோடு சாய்ந்திருந்தது. யக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன், இப்போது சரியாக எழுதி வந்திருக்கிறேன், கேளுங்கள் என்றேன். உட்காரச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார். நான் படிக்கப் படிக்க அவருக்குக் கண்ணீர் கொட்டியது. முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா கீது கண்ணு. சோக்கா எழுதி கீற" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பிறகு அவர் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். ஓய்வு பெற்ற பிறகு ஏகாம்பரம் தினமும் காலையில் வாசல்படியில் உட்கார்ந்து இதில் எழுதுவாராம். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், என் கதையைத்தான் என்பாராம். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகளிடம் கொடுத்தால் அழுது தீர்த்துவிடுவாள் என்று கொடுக்கவில்லை. "நீ படிச்சவளாச்சே, ஒருக்கா பாரேன். அவுரு சொன்னது எதுனா உட்டுப்போச்சான்னு பாத்துக்க," என்று என் மடியில் வைத்தார்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவரின் கையெழுத்து. எழுத்து பெரிது பெரிதாக, வரி மேலும் கீழுமாகப் போகும். பேசுகிற பேச்சிலேயே எழுதியிருந்தார். முதலில் உலை வேலை பழகிய கதை. பிறகு கல்யாணம். பாதி நோட்டு தாண்டியதும் வேலைநிறுத்தம் வந்தது. நான் அந்தப் பக்கத்தை மனதுக்குள் படித்தேன். முதலிலிருந்து மறுபடி ஒரு முறை படித்தேன்.

"இன்னா எழுதி கீறாரு?" என்று கேட்டார் கன்னியம்மா.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நேரம் வரும். அந்தப் பக்கத்தில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை மூடிவிட்டு, நீங்கள் சொன்னதுதான் யக்கா இருக்கிறது என்று சொன்னால் கதை முடிந்தது. அவருக்குப் பிடித்த கவிதை என் கைப்பையில் இருக்கிறது. மேடையில் அது நிச்சயம் எடுபடும். படம் திறக்கும். உண்மையைச் சொன்னால் இந்த அம்மாளுக்குத் தன் புருஷன்மேல் இருக்கிற மதிப்பே போய்விடலாம். செத்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் போர்டில் ஒரு சட்டம் உண்டு. வந்த சேதியை வந்தபடி கொடுக்க வேண்டும். சாவுச் சேதியானாலும் சரி, நான் அதை மெதுவாக்கவோ அழகாக்கவோ கூடாது. எனக்கு அந்த நேரத்தில் கவிதைச் சட்டம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் போர்டுச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இது அவருக்கு வந்த கால். நடுவில் உட்கார்ந்திருக்கிற நான் யார்? சத்தமாகப் படித்தேன்.

"ஸ்டிரைக்கு இருவதாம் நாளு கேட்டாண்ட வெளியாளுங்கள வுட்டு அடிச்சாங்க. என் பக்கத்துல நின்னவனுக்கு மண்ட ஒடஞ்சிச்சி. ரத்தம் என் சட்டையில பட்டுது. அதுக்கப்புறம் கேட்டாண்ட போயி நிக்க கால் வரல. அன்னி ராத்திரி கன்னியம்மா கஞ்சிக்கு அரிசி இல்லன்னு சொன்னா. அத்தையே காரணமா எடுத்துகினேன். எல்லாருகிட்டயும் வூட்ல பசி, அதான் உள்ள வந்துட்டேன்னு சொன்னேன். பசி இருந்துச்சி. ஆனா பசிக்கோசரம் நான் போவல. நான் பயந்துட்டேன். ஆளுங்க என்னோட பேசாதது எனக்குப் பெருசா தெரியல. என் பயத்த அவ தலையில போட்டேனே, அதான் நான் செஞ்ச தப்பு. இத்த அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

குழாயடியில் யாரோ குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது. நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று தோன்றியது.

"அப்போ நான் சொன்னதுக்கோசரம் போவலியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

அவர் எழுந்து பீரோ பக்கம் போய், துணி மூடிய அந்தப் படத்தைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். நான் இங்கே எழுத முடியாத வசவெல்லாம் திட்டினார். அந்த ஒரு வார்த்தை நாம் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த மனுஷன் தலை நிமிர்ந்து இருந்திருப்பாரே என்று இத்தனை வருடம் நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். ஏகாம்பரம் தொழிற்சாலையில் தனியாகச் சாப்பிட்ட ஒவ்வொரு நாளும், மகள் கல்யாணத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒருத்தர்கூட வராத அன்றைக்கும், எல்லாம் தன் வாயால் வந்த வினை என்றே நினைத்திருக்கிறார். திட்டி முடித்துத் தரையில் உட்கார்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. கோபம் போகவில்லை. ஆனால் பாரம் இறங்கியிருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

என் நாற்பத்திரண்டு வரியைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். அதை இனிமேல் படிக்க முடியாதுக்கா, அது பசியைப் பற்றிச் சொல்கிறது என்றேன். வேண்டாம், இந்த நோட்டில் இருப்பதையே படி என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயந்துவிட்டேன் என்று மைக்கில் படித்தால் அந்தப் பழைய ஆட்கள் மறுபடியும் சிரிப்பார்களே என்றேன்.

"சிரிக்கட்டும். அன்னிக்குப் பொய்யக் கேட்டு சிரிச்சாங்க. இப்போ நெசத்தக் கேட்டு சிரிக்கிறாங்களான்னு பாப்போம்," என்றார். சிரித்த ஆளையும் நீயே போய்க் கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நாற்பத்திரண்டு வரியைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசி என்பது கவிதைக்கு வசதியான காரணம். கேட்கிறவர்களுக்கும் வசதி, எழுதுகிறவளுக்கும் வசதி. அந்த மனுஷனே அந்த வசதிக்குள் ஒளிந்துகொண்டதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு நான் அதை மேடையேற்றினால், அவர் தப்பை நானும் ஒரு முறை செய்கிற மாதிரி. தாளை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டேன். அது எந்த மேடையும் ஏறவில்லை, எந்தப் பத்திரிகைக்கும் போகவில்லை. நல்ல கவிதையை விட்டுக்கொடுக்கிற தெம்பு எனக்கு இருந்தது என்பதில் எனக்குப் பெருமைதான்.

சிரித்தவர் பெயர் தேசப்பன். திருவொற்றியூரில் கடலோரத் தெருவில் வீடு. நாற்பது நாளும் கேட்டை விட்டு அசையாத ஆள் என்று அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெரிய பேர். நான் போய்க் கூப்பிட்டபோது ஈசிச்சேரிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கருங்காலிக்கு எத்தனை படத்திறப்பு என்று கேட்டார். ஏகாம்பரம் தன் கையால் எழுதியதைப் படிக்கப் போகிறேன், கேட்டுவிட்டு வேண்டுமானால் சிரியுங்கள் என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போஸ்டர் ஒட்டி அழைக்கவில்லை. மற்றப் பழைய ஆட்களுக்கும் நானும் செயலாளர் தம்பியும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அதே தெரு. இந்தத் தடவை ஐம்பது நாற்காலிதான். பேச்சாளர் யாரும் கிடையாது. தேசப்பன் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மைக் முன்னால் போய், இது என் எழுத்தல்ல, ஏகாம்பரம் எழுதியது என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தேன். ஏற்ற இறக்கம் எதுவும் வைக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. அவர் வாசல்படியில் உட்கார்ந்து பேசுவது போல, அவர் பேச்சிலேயே படித்தேன். பதினைந்து வருடம் மேடையில் கற்றுக்கொண்டதையெல்லாம் அன்றைக்கு அடக்கி வைப்பதற்குத்தான் பயன்படுத்தினேன்.

"நான் பயந்துட்டேன்" என்ற இடம் வந்தபோது பின்னால் யாராவது சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. படித்து முடித்து நோட்டை மூடினேன். அப்போது தேசப்பன் எழுந்தார். மைக்குக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"அன்னிக்கு சிரிச்சது நான்தான்," என்றார். "மண்ட ஒடஞ்ச அன்னிக்கு நானும் அங்க இருந்தேன். நானும் பயந்துட்டேன். மறுநாளு உள்ள பூட்லாம்னு சோத்து டப்பால்லாம் கட்டிகினு கெளம்பிட்டேன். எனக்கு முன்னாடி இவன் உள்ள போனான். எல்லாரும் இவன் மேல துப்புனாங்க. அத்தப் பாத்துட்டு நான் திரும்பி வந்து கேட்டாண்ட குந்திகினேன். கொள்கைக்கோசரம் இல்ல. துப்புவாங்கன்னு பயந்து. அதுக்கு எனக்கு மால போட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். கன்னியம்மா திரும்பிப் பார்த்து, "வா, வந்து துணியப் புடி" என்று அவரைக் கூப்பிட்டார். தேசப்பன் நாற்காலிகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து வந்து படத்தின் பக்கத்தில் நின்றார்.

என் கையில் ஒரு சின்னத் தாள் இருந்தது. முந்தின நாள் நான் எழுதிய நாலே வரி. ஒரு மனுஷன் எழுந்து நின்று இப்படிச் சொன்ன பிறகு இது எதற்கு என்று தோன்றி அதை மடித்தேன். கன்னியம்மா பார்த்துவிட்டார். "இன்னாத்துக்கு மடிக்கிற? நீ எழுதுனதப் படிச்சாத்தான படம் தொறக்கணும். படி," என்றார்.

படித்தேன்.

"பயந்தேன் என்று எழுத
ஒரு துணிந்த கை வேண்டும்.
அந்தக் கை இவருடையது.
எழுந்து நின்று பாருங்கள்."

தேசப்பன் துணியை இழுத்தார். அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டு, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்ட முகம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பூ வைத்தார்கள். கன்னியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லி, தெருவிலேயே பாய் விரிக்கச் சொன்னார். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். தேசப்பன் முதல் இலையில் உட்கார்ந்தார்.

கவிஞருக்குத் தனியாக மேசை போட்டுப் பரிமாறுவது நம் பக்கத்து வழக்கம். செயலாளர் தம்பி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டேன். எனக்கு எத்தனையோ மேடையில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பந்தி என் நாலு வரிக்குப் பிறகு உட்கார்ந்த பந்தி. அதில் இலை இலையாகப் போய் நான்தான் சாம்பார் ஊற்றினேன்.